பூட்டிய படம், திறந்து கிடக்கும் ஆதார்

குற்றாலச் சீசனில் ஒரு குடும்பம் காலையில் லாட்ஜுக்குப் போகிறது, இரவில் தியேட்டருக்குப் போகிறது. சினிமாத் தொழில், தங்கும் விடுதித் தொழில் இரண்டையும் சைபர் திருடர்கள் குறிவைக்கிறார்கள். ஆபத்து எங்கே அதிகம்? விலை கொடுப்பது யார்?

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. மலை மேல் மேகம் இறங்கிவிட்டது. தென்காசியிலிருந்து ஐந்தருவி வரை சாரல் விட்டு விட்டுத் தூறுகிறது. ஐந்தருவிச் சாலையில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷன். எண்ணெய் தேய்த்த உடம்போடு நாலு பேர் சாவி கேட்டு நிற்கிறார்கள். பையைக் கீழே வைக்க இடமில்லாமல் ஒரு குடும்பம் வாசலிலேயே நிற்கிறது. மேஜைக்குப் பின்னால் இருக்கும் பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். வீரகேரளம்புதூர், சுரண்டைப் பக்கத்திலிருந்து சீசன் வேலைக்கு வருகிற பையன்களில் ஒருவன்.

“அண்ணாச்சி, ஜெராக்ஸ் மெஷின் ஓடல. எல்லார் ஆதாரையும் இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல போட்டு விட்டுருங்க.”

கேட்டது லாட்ஜின் போனுக்கு இல்லை, அவனுடைய சொந்தப் போனுக்கு. அரை நிமிடத்தில் ஐந்து ஆதார் படங்கள் வந்து விழுகின்றன. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கல்லூரி போகும் மகள். முகம், பிறந்த தேதி, வீட்டு முகவரி, பன்னிரண்டு இலக்க எண், எல்லாம் அதில் இருக்கிறது. அனுப்பிய எண்ணே போன் நம்பர். அவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறுகிறார்கள். படங்கள் அவன் போனிலேயே கிடக்கின்றன. சாரல் முடிந்ததும் அவன் ஊருக்குப் போவான், அல்லது திருப்பூருக்கு வேலைக்குப் போவான். போனும் கூடவே போகும். அதில் ஒரு சீசன் முழுக்க வந்த குடும்பங்களின் அடையாளம் இருக்கும். இதில் அந்தப் பையன் மேல் குற்றமே இல்லை. ‘வாங்கி வை’ என்றார்கள், வாங்கி வைத்தான். ‘அழித்துவிடு’ என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

அன்று இரவு அதே குடும்பம் தென்காசியில் புதுப்படம் பார்க்கப் போகிறது. அங்கே புரொஜெக்டர் அறையில் இருக்கும் படத்தை ஆபரேட்டர் நினைத்தாலும் நினைத்த நேரத்தில் ஓட்ட முடியாது. படம் மறையாக்கம் செய்யப்பட்ட கோப்பாக வந்திருக்கிறது. அதைத் திறக்கும் சாவி அந்தத் தியேட்டருக்கும், அந்த சர்வருக்கும், குறிப்பிட்ட நாள்களுக்கும் மட்டும் செல்லும்.

ஆக, இரண்டரை மணி நேரப் படத்துக்கு உலகத் தரத்தில் பூட்டு போட்டிருக்கிறோம். அதைப் பார்க்க வந்த குடும்பத்தின் வாழ்நாள் அடையாளம் பூட்டில்லாமல் கிடக்கிறது.

திருடன் எதைத் தேடி வருகிறான்?

கேளிக்கைத் துறையில் புகுகிற திருடனுக்கு வேண்டியது படைப்பு. வெளியாகாத படம், ஒளிபரப்பாகாத தொடர், பாடல், திரைக்கதை. இந்தச் சரக்குக்கு ஆயுள் குறைவு. வெளியீட்டுக்கு முந்தின இரவு அதன் மதிப்பு உச்சத்தில் இருக்கும். முதல் மூன்று நாள் தாண்டினால் பாதியாகும். ஓடிடிக்கு வந்த பிறகு அநேகமாக ஒன்றுமில்லை.

விடுதி, ரிசார்ட், கேளிக்கைப் பூங்கா, சுற்றுலா நிறுவனம் போன்ற ஓய்வுத் துறையில் புகுகிறவனுக்கு வேண்டியது விருந்தாளி. பெயர், அடையாள எண், கார்டு விவரம், யாரோடு வந்தார், எத்தனை நாள் தங்குகிறார், அதாவது எத்தனை நாள் அவர் வீடு பூட்டிக் கிடக்கும். இந்தச் சரக்கு கெட்டுப்போவதே இல்லை. கார்டைத் தொலைத்தால் புதுக் கார்டு வாங்கலாம். பிறந்த தேதியையும் கைரேகையையும் மாற்ற முடியாது.

இன்னொரு வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. படம் திருட்டுப் போனால் நஷ்டம் தயாரிப்பாளருக்கு. அதனால் அவர் பூட்டு வாங்குகிறார், வழக்குப் போடுகிறார், நீதிமன்றம் ஏறுகிறார். விருந்தாளியின் விவரம் திருட்டுப் போனால் நஷ்டம் விருந்தாளிக்கு. விடுதிக்குக் கொஞ்ச நாள் பெயர் கெடும், அவ்வளவுதான். கை சுட்டவனுக்குத்தான் தண்ணீர் தேடத் தோன்றும்.

சினிமாவின் பின்வாசல்

சினிமாத் துறையின் சைபர் வரலாற்றில் பெரிய பெயர் சோனி பிக்சர்ஸ். 2014 நவம்பரில் அந்த நிறுவனத்தின் கணினிகள் முடங்கின. வெளியாகாத படங்கள் இணையத்தில் வந்தன. அதிகாரிகளின் மின்னஞ்சல்கள் ஊர் முழுக்கப் பரவின. வடகொரியாதான் காரணம் என்றது அமெரிக்கா. வடகொரியத் தலைவரைக் கேலி செய்த ‘தி இன்டர்வியூ’ என்ற படத்தை ஒட்டி வந்த கோபம் அது. ஆனால் அந்தத் தாக்குதலில் அதிகம் பேசப்படாத பாதி ஒன்று உண்டு. நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள், முன்பு பார்த்தவர்கள் ஆகியோரின் சமூகப் பாதுகாப்பு எண்களும் ஆயிரக்கணக்கில் வெளியே போயின. படங்களின் கதை சில மாதங்களில் முடிந்தது. அந்த ஊழியர்கள் தங்கள் வங்கிக் கணக்கை ஆண்டுக்கணக்கில் கவலையோடு பார்க்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு ஸ்டூடியோக்கள் முன்வாசலைக் கெட்டிப்படுத்தின. திருடர்கள் பின்வாசலுக்குப் போனார்கள். ‘ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்’ தொடர் 2017-ல் கசிந்தது நெட்ஃபிளிக்ஸிலிருந்து அல்ல. அதற்கு ஒலிவேலை செய்த லார்சன் ஸ்டூடியோஸ் என்ற சிறு நிறுவனத்திலிருந்து. அவர்கள் சுமார் 50,000 டாலரை பிட்காயினாகக் கொடுத்தார்கள். பணத்தை வாங்கிக்கொண்டும் திருடன் தொடரை வெளியே விட்டான். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்புக்கு முன்பே கசிந்தது. ஸ்டார் இந்தியாவுக்குத் தொழில்நுட்ப வேலை செய்த நிறுவனத்தோடு தொடர்புடைய நால்வர் கைதானார்கள். 2015-ல் மலையாள ‘பிரேமம்’ கசிந்த வழக்கில் சென்சார் போர்டு அலுவலகத்தின் தற்காலிக ஊழியர்களே சிக்கினார்கள். 2021 பொங்கலுக்கு ‘மாஸ்டர்’ தியேட்டருக்கு வருவதற்கு முன்பே அதன் காட்சிகள் செல்போன்களில் ஓடின.

பெரும்பாலும் கசிந்த இடம், பெரிய நிறுவனம் வேலையைப் பிரித்துக் கொடுத்த சின்ன இடம். சம்பளம் குறைவு, வேலை தற்காலிகம், கையில் இருக்கும் சரக்கோ கோடிக்கணக்கில். சீசன் லாட்ஜின் ரிசப்ஷனுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

---

பெட்டிச் செய்தி: தியேட்டரில் படத்தை எப்படிப் பூட்டுகிறார்கள்?

• டிஜிட்டல் சினிமா தரத்தில் படக் கோப்புக்கு 128 பிட் மறையாக்கம். கோப்பு மட்டும் கையில் கிடைத்தால் பயனில்லை.

• கோப்பைத் திறக்கும் சாவி தனியாக வரும். எந்தத் தியேட்டர், எந்தக் கருவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது சாவிக்குள்ளேயே இருக்கும். காலம் முடிந்தால் சாவி செல்லாது.

• திரையில் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத முத்திரை படத்திலும் ஒலியிலும் பதியும். யாராவது செல்போனில் எடுத்து இணையத்தில் விட்டால், எந்தக் கருவியில் எப்போது ஓடிய காட்சி என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

• 2024 ஜூலையில் ‘ராயன்’ படத்தைத் திருவனந்தபுரம் தியேட்டர் ஒன்றில் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தபோதே ஒருவரைக் கேரளப் போலீசார் பிடித்தார்கள்.

---

நாலு வருஷம் உள்ளேயே இருந்த திருடன்

ஓய்வுத் துறைக்கு வருவோம். மாரியட் நிறுவனம் 2016-ல் ஸ்டார்வுட் என்ற ஹோட்டல் குழுமத்தை வாங்கியது. அதன் முன்பதிவுக் கணினிக்குள் 2014-லேயே ஆள் புகுந்திருந்தான். கண்டுபிடித்தது 2018-ல். நாலு வருஷம் அவன் உள்ளேயே இருந்தான், ஒருவருக்கும் தெரியவில்லை. முதலில் 50 கோடி விருந்தாளிகள் என்றார்கள். பிறகு உச்ச வரம்பை 38.3 கோடிப் பதிவுகள் என்று குறைத்தார்கள். மறையாக்கம் செய்யாத பாஸ்போர்ட் எண்கள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். பிரிட்டன் 2020-ல் போட்ட அபராதம் 1.84 கோடி பவுண்டு.

சினிமா உலகில் நாலு வருஷம் ஒளிந்திருப்பதில் திருடனுக்கு லாபமில்லை. படத்தைத் திருடியவன் அதன் மதிப்பு குறைவதற்குள் அதை வெளியே விட்டாக வேண்டும். அப்போதே எல்லாருக்கும் தெரிந்துவிடும். விடுதியில் எடுத்தவனுக்கு அவசரமே கிடையாது. பறிகொடுத்தவனுக்குத் தன்னிடம் திருடியது தெரியாது என்பதுதான் இந்தத் துறையின் பெரிய அபாயம்.

திருடன் உள்ளே போகும் வழியும் கவனிக்க வேண்டியது. 2023 செப்டம்பரில் லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் நிலைகுலைந்தது. அறைக் கதவின் டிஜிட்டல் சாவிகள் வேலை செய்யவில்லை, சூதாட்ட எந்திரங்கள் நின்றன, விருந்தாளிகள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். நஷ்டம் சுமார் 10 கோடி டாலர் என்று நிறுவனமே கணக்குச் சொன்னது. ஊழியரைப் போலப் பேசி உதவி மையத்தை ஏமாற்றியதில்தான் தொடங்கியது எல்லாம். அதற்கு ஐந்தாண்டு முன்னால், 2018-ல், ஐக்கிய அரபு அமீரகத்தில் 40 ஹோட்டல்களின் ஊழியர்களுக்குப் போன் போட்டே புக்கிங்.காம் கணக்குகளின் கடவுச்சொல்லை வாங்கினார்கள். 4,109 விருந்தாளிகளின் விவரங்கள் போயின. அதைத் தாமதமாகத் தெரிவித்ததற்காக நெதர்லாந்து அதிகாரிகள் புக்கிங்.காமுக்கு 4,75,000 யூரோ அபராதம் போட்டார்கள்.

ஹோட்டல் ஊழியரின் வேலையே வந்தவருக்கு உதவுவதுதான். ‘இல்லை’ என்று சொல்லாமல் இருக்கப் பழக்கப்பட்டவர் அவர். அந்த நல்ல குணத்தைத்தான் திருடன் பயன்படுத்திக்கொள்கிறான்.

பெரிய குழுமங்கள் நம் நாட்டிலும் தப்பவில்லை. தாஜ் ஹோட்டல்களை நடத்தும் நிறுவனத்தின் சுமார் 15 லட்சம் வாடிக்கையாளர் விவரங்கள் தன்னிடம் இருப்பதாக 2023 நவம்பரில் ஒருவன் விலை பேசினான். விசாரிப்பதாக நிறுவனம் சொன்னது.

எல்லைக்கோடு எங்கே?

சினிமாக்காரர்களிடம் மக்களின் விவரங்களே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அது கூடிக்கொண்டும் வருகிறது. வீடியோ கேம் உலகில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் 2011-ல் 7.7 கோடிக் கணக்குகளின் விவரத்தைப் பறிகொடுத்துச் சுமார் மூன்று வாரம் மூடிக் கிடந்தது. டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் 2024-ல் வாடிக்கையாளர் விவரங்களைப் பறிகொடுத்தது. நமக்குப் பக்கத்திலேயே, 2025 டிசம்பரில், கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் தியேட்டர்களின் சிசிடிவி காட்சிகள் ஆபாசத் தளங்களில் வந்தன. படம் பார்க்க வந்தவர்களே அங்கே சரக்காகிப் போனார்கள். திரையில் ஓடிய படத்துக்கு இருந்த பாதுகாப்பில் பாதிகூட அந்தக் கேமராப் பதிவுக்கு இல்லை.

எனவே கேளிக்கை, ஓய்வு என்று பெயரை வைத்துக் கோடு போட முடியாது. மனிதர்களின் விவரத்தை யார் சேர்த்து வைக்கிறார்களோ அவர்களிடம்தான் மக்களுக்கு ஆபத்து. அந்த வகையில் லாட்ஜுகள் முன்வரிசையில் இருக்கின்றன. அதிகம் சேர்ப்பவர்களும் அவர்கள், குறைவாகக் காப்பவர்களும் அவர்கள்.

திருடனுக்குக் குற்றாலம் ஏன் வசதியான இடம்?

வீரகேரளம்புதூரை ஒட்டி ஓடும் சிற்றாறு குற்றால மலையில் பிறப்பது. அங்கே அருவி கொட்டினால் இங்கே ஆற்றில் தண்ணீர் வரும், சிலருக்கு வேலையும் வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். இந்தச் சில மாதங்களில் சம்பாதித்ததுதான் பல லாட்ஜ்காரர்களுக்கு வருஷச் சாப்பாடு. கணினிக்குத் தனி ஆள் வைக்கும் வசதி பெரிய ரிசார்ட்டுகளுக்கு மட்டும் உண்டு. மற்ற இடங்களில் பில் போடும் கணினியும் விருந்தாளிக்குக் கொடுக்கும் வைஃபையும் ஒரே இணைப்பில் ஓடும். கேமராவின் கடவுச்சொல் கம்பெனி போட்டுக் கொடுத்ததாகவே இருக்கும்.

இதைவிட நேரடியான வலை ஒன்று, லாட்ஜ்காரருக்கே தெரியாமல் விரிக்கப்படுகிறது. மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை விட்டது. கேதார்நாத் ஹெலிகாப்டர், சார்தாம் தங்குமிடம், டாக்சி, சுற்றுலாப் பேக்கேஜ் என்ற பெயர்களில் போலி இணையதளங்கள், முகநூல் பக்கங்கள், கூகுள் விளம்பரங்கள் வழியாக யாத்ரீகர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் ஏமாற்றுகிறார்கள் என்றது அந்த எச்சரிக்கை. பணம் கட்டியதும் போன் அணைந்துவிடும்.

இந்த வலைக்குக் குற்றாலம் கனகச்சிதமாகப் பொருந்துகிற இடம். இங்கே பயணம் முன்கூட்டித் திட்டமிட்டு நடப்பதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ‘ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுது’ என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வரும். மதுரையிலும் சென்னையிலும் கொல்லத்திலும் குடும்பங்கள் கிளம்பத் தயாராகிவிடும். அடுத்த ஒரு மணி நேரத்தில் ரூம் பிடிக்க வேண்டும். கூகுளில் தேடினால் ஒரே மாதிரிப் பெயரில் பத்து லாட்ஜ். எந்த நம்பர் உண்மை, எது பொய் என்று அந்த அவசரத்தில் யார் பார்ப்பார்கள்? கூகுள் வரைபடத்தில் ஒரு கடையின் போன் நம்பரை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

எதிர்முனையில் பேசுகிறவன் மரியாதையாகவே பேசுவான். ‘சீசன் நேரம் சார், பாதி அட்வான்ஸ் போட்டால்தான் ரூம் பிடித்து வைக்க முடியும்’ என்பான். போட்டதும் ‘கணக்கில் ஏறவில்லை, இன்னொரு தடவை போடுங்கள், முதலில் போட்டது திரும்பி வரும்’ என்பான். அதற்கும் போட்டதும் ‘திருப்பி அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்’ என்பான். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. அனுப்புவதற்குத்தான் வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் மூன்றாவது அடி விழாது.

குற்றாலத்துக்கே உரிய இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுகிறார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டு போனது. தடை இல்லாமல் இருக்கவும் முடியாது. தடை என்றதும் பலர் புக்கிங்கை ரத்து செய்வார்கள், அட்வான்ஸ் திரும்ப வருமா என்று கேட்டு நெட்டில் தேடுவார்கள். அப்படித் தேடுகிறவரிடம் ‘ரீஃபண்ட் தருகிறோம்’ என்று சொல்ல ஒரு போலி நம்பர் போதும்.

நஷ்டம் பயணியோடு நிற்பதில்லை. இரவு பதினோரு மணிக்குக் குழந்தைகளோடு வந்து நிற்கும் குடும்பம் ‘அட்வான்ஸ் போட்டிருக்கோம்’ என்று ரசீதைக் காட்டும். லாட்ஜில் அப்படி ஒரு புக்கிங்கே இருக்காது. ஒரு ரூபாய்கூட வாங்காத லாட்ஜ்காரர் ஏமாற்றுக்காரர் என்று திட்டு வாங்குவார், கூகுளில் ஒற்றை நட்சத்திரமும் வாங்குவார். ரூம் கிடைக்காமல் திரும்பிப் போகும் குடும்பம் ஆட்டோ பிடிக்காது, பார்டர் புரோட்டா சாப்பிடாது, நேந்திரம் சிப்ஸ் வாங்காது. அடுத்த வருஷம் வேறு ஊருக்குப் போகும்.

---

பெட்டிச் செய்தி: ஆதார் நகல் கொடுத்தே ஆக வேண்டுமா?

• 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஹோட்டல், தியேட்டர் போன்ற, ஆதாரைப் பயன்படுத்த உரிமம் பெறாத தனியார் இடங்கள் ஆதார் நகலை வாங்கி வைக்கக் கூடாது என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி மத்திய அரசு இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. குழப்பம் அப்படியே நின்றுவிட்டது.

• கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ‘மறைக்கப்பட்ட ஆதாரை’ ஆணையத்தின் இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

• அடையாளத்துக்கு ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை காட்டினால் போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.



---

சட்டம் யாருக்கு முதலில் ஓடி வந்தது?

தமிழ்நாட்டில் திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தது 2004-ல். சைபர் குற்றவாளிகளை அதே சட்டத்தில் சேர்த்தது 2014-ல். பத்து வருஷ இடைவெளி. ‘கபாலி’ வெளியாகும் முன்பே திருட்டுத் தளங்களை முடக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க முடிந்தது. 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாக எடுத்தால் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கித் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம்.

இதில் தவறு எதுவும் இல்லை. ஒரு படத்தில் லைட்மேனிலிருந்து போஸ்டர் ஒட்டுகிறவர் வரை நூற்றுக்கணக்கானவர்களின் கூலி இருக்கிறது. அந்த உழைப்பைக் காக்க இந்த வேகம் வேண்டும்தான். அதே வேகம் விருந்தாளிக்கு ஏன் வரவில்லை என்பதே கேள்வி.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் வெளியானது 2025 நவம்பரில். போதிய பாதுகாப்பு செய்யாமல் விவரங்கள் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆனால் அந்தப் பணம் போவது அரசின் தொகுப்பு நிதிக்கு. பாதிக்கப்பட்டவருக்கு அதில் பங்கு இல்லை. கவனக்குறைவான நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழி கொடுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. ஆதாரைப் பறிகொடுத்தவருக்கு இது பெரிய அநீதி. திருத்த வேண்டிய இடம் இதுதான்.

சீசனுக்கு முன் செய்யக் கூடியவை

பெரும் செலவு எதுவும் வேண்டாம். தென்காசி மாவட்ட நிர்வாகம் தன் இணையதளத்தில், உரிமம் பெற்ற லாட்ஜுகளின் பெயரையும் சரிபார்த்த போன் நம்பரையும் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிட்டாலே போலி நம்பர்காரனுக்குப் பாதி வேலை போய்விடும். பேருந்து நிலையத்திலும் செங்கோட்டைச் சாலையிலும் அந்தப் பட்டியலுக்கு ஒரு க்யூஆர் பலகை வைக்கலாம்.

லாட்ஜ் உரிமையாளர்கள் ரிசப்ஷன் பையனுக்கு லாட்ஜ் பெயரில் ஒரு போன் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆதாரை அவன் சொந்தப் போனில் வாங்கச் சொல்லக் கூடாது. விருந்தாளி காலி செய்ததும் படத்தை அழிப்பதும் செக்-அவுட் வேலையில் ஒன்றாக வேண்டும். கேமராவின் கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றலாம். ஐந்து நிமிடம் ஆகாது. ‘ஆன்லைன் கம்பெனியிலிருந்து பேசுகிறேன், ஓடிபி சொல்லுங்கள்’ என்று யார் கேட்டாலும் முதலாளியைக் கேட்காமல் சொல்லாதே என்று அந்தப் பையனுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். அப்படி மறுத்ததற்காக அவனைத் திட்டவும் கூடாது.

பயணம் போகிறவர்கள் அட்வான்ஸ் போடும் முன், பணம் போகும் கணக்கின் பெயரை யுபிஐ திரையில் படித்துப் பாருங்கள். லாட்ஜ் பெயருக்குச் சம்பந்தமில்லாத தனி ஆளின் பெயர் வந்தால் நிறுத்திவிட்டு விசாரியுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம்; உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தடுக்க வாய்ப்பு இருக்கிறது, தாமதம் ஆக ஆக அது குறையும்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியக் கடமைகள் எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாவது 2027 மே மாதத்தில். அதற்கு அடுத்த மாதம் குற்றாலத்தில் சீசன் தொடங்கும். அதுவரை காத்திருக்காமல், லாட்ஜை விட்டுக் கிளம்பும்போது ரிசப்ஷனில் ஒரு வார்த்தை கேளுங்கள்: “தம்பி, எங்க ஆதார் படத்தை உங்க போன்ல இருந்து அழிச்சிட்டீங்களா?”